இடப்பக்க சீட்டின் பெல்ட்

1. பட்டியலில் இல்லாத சாமான்

ஜீப் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால், அதுவரை அதை ஓட்டிய ஏழுமலை அண்ணன் ஒவ்வொரு சாமானாக எடுத்துக் காட்டினார். ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி, முதலுதவிப் பெட்டி, நாலு லத்தி, லாக் புக். நான் பட்டியலில் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் அவர் இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே கையை விட்டு, இடப்பக்க சீட்டின் பெல்ட் பூட்டில் சொருகியிருந்த ஒரு இரும்பு நாக்கைப் பிடுங்கி எடுத்தார். பெல்ட் இல்லாத வெறும் நாக்கு. விரல் நீளம் இருக்கும்.

“இது லிஸ்ட்ல கெடையாது. ஆனா இதுதான் முக்கியம்” என்றார்.

“இன்னாண்ணே இது?”

“அய்யா உக்காந்துகினு பெல்ட் போடலன்னா வண்டி பீப் பீப்னு கத்தும். இத சொருகிட்டா கம்முனு கெடக்கும். ஒரு தபா இது எங்கியோ வுழுந்துடுச்சி. திருக்கழுக்குன்றத்துலேர்ந்து செங்கல்பட்டு வரிக்கும் கத்திகினே வந்துது. எறங்கி ஆட்டோல போயிடுறேன்னாரு அய்யா. அந்தப் பேஜாரு உனக்கு வோணுமா?”

“வேணாம்ணே.”

“அப்ப பத்தரமா வெச்சிக்க.”

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு காவல் நிலையத்தில் ஜீப் ஓட்டுநராக நான் சேர்ந்த முதல் நாள் அது. எந்த நிலையம் என்பது வேண்டாம். நான் பத்தாவது படித்தவன். ஆயுதப்படையில் லாரி, பஸ் எல்லாம் ஓட்டிவிட்டு நாற்பத்தி நாலாவது வயதில் நிலைய வண்டிக்கு வந்தேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஓட்டுநர் வேலைக்கு அது ஒரு குறையில்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இடப்பக்கம் இருப்பவர் பேசுவார், வலப்பக்கம் இருப்பவன் ஓட்டுவான், அவ்வளவுதான்.

என் பெல்ட்டை நான் எப்போதும் போட்டுக்கொள்வேன். இடப்பக்க பெல்ட் மட்டும் சீட்டுக்குப் பின்னால் சும்மா தொங்கும். ஒரு வருடத்தில் ஏழுமலை அண்ணன் கொடுத்த அந்த நாக்கு, அதாவது கிளிப், தேய்ந்து, குலுங்கும்போதெல்லாம் கழன்றது. செங்கல்பட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் இன்னொன்று கேட்டேன். கடைக்காரர் என் காக்கிச் சட்டையை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

“உங்களுக்கேவா சார்?” என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டு வாங்கி வந்தேன். அன்று வெட்கப்பட்டிருக்க வேண்டும். பிறகுதான் பட்டேன்.

2. புதுப்பட்டினத்தில் ஒரு டாக்சி

எங்கள் இன்ஸ்பெக்டர் நல்ல அதிகாரி. கடற்கரையில் பொத்தேரிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் அலையில் சிக்கிக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரையும் எதிர்பார்க்காமல் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கினவர். வண்டி முழுக்க நிற்பதற்குள் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிடுவார். பெல்ட் போடாததற்கும் அவர் சொல்லும் காரணம் அதுதான். பிஸ்டல் உறை வலது இடுப்பில். இடப்பக்க சீட்டின் பெல்ட் பூட்டும் அதே வலது இடுப்புக்குப் பக்கத்தில். பூட்டைக் கழற்றக் கையை விட்டால் உறை இடிக்கும். ஒரு நிமிடம் தடவிக்கொண்டு இருந்தால் ஓடுகிறவன் ஓடிவிடுவான். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் காலை புதுப்பட்டினத்தில் வாகனச் சோதனை. வெள்ளை டாக்சி ஒன்று மாட்டியது. ஓட்டுநர் பாபு, மாமல்லபுரத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களை ஏற்றி இறக்குகிறவர், அந்த ரோட்டில் தினமும் நாலு தடவை எங்களைக் கடந்து போகிறவர். பெல்ட் போடவில்லை. சலான் போடும் மிஷினில் அவர் வண்டி எண்ணைத் தட்டினார்கள். அவர் தகராறு எதுவும் செய்யவில்லை. ரசீது வரும்வரை சும்மா நின்றவர், எங்கள் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

“அண்ணாத்த” என்று என்னைக் கூப்பிட்டார். “அந்தப் பெல்ட்டு பொறந்ததுலேர்ந்து சீட்டுக்குப் பின்னாலயே தொங்கிகினு கீதே. எதுக்கு, வேட்டி காயப் போடவா?”

நாலடி தள்ளி நின்ற இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

“இன்னாடா அங்க?”

“ஒன்னியும் இல்ல சார். பெல்ட்ட பத்திப் பேசிகினு இருந்தோம்.”

“நாங்க டூட்டில இருக்கோம். திடீர்னு எறங்கி ஓடணும். நீ டூட்டிலயா இருக்க?”

“நானும் டூட்டிதான் சார். ஃபாரின் பார்ட்டிய அஞ்சு ரதத்துல எறக்கிட்டு வர்றேன். எடத்துக்கு எடம் நானும் எறங்கி ஓடித்தான் கதவ தொறந்து வுடறேன்.”

மிஷினோடு நின்ற காவலர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “வாய் நீளம்டா உனக்கு, போ” என்றார். பாபு பெல்ட்டை மாட்டிக்கொண்டு போனார். நாங்கள் சோதனை முடித்து, இடப்பக்கப் பெல்ட்டை மாட்டாமலே போனோம்.

3. திருவிடந்தையில் போட்ட பிரேக்

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு காலை. வடக்கே ஒரு ஆலோசனைக் கூட்டம். கிளம்பும்போதே தாமதம். அவசர அழைப்பு எதுவும் இல்லை, சைரன் போடவில்லை.

“கொஞ்சம் அழுத்துய்யா” என்றார் இன்ஸ்பெக்டர்.

அழுத்தினேன். திருவிடந்தை ஊருக்குள் நுழையும்போது பலகையில் எழுதியிருந்த வேகத்துக்கு மேலேதான் போய்க்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தே போனேன்.

அங்கே பெருமாள் கோயிலில் கல்யாணம் கூடிவராதவர்கள் மாலை போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றி வேண்டிக்கொள்வார்கள். அப்படி மாலையோடு வந்த ஒரு இளைஞர், ரோட்டோரம் நின்ற ஒரு வெள்ளைக் காருக்கு முன்னாலிருந்து சட்டென்று ரோட்டில் இறங்கினார். போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் பிரேக்கை முழுக்க மிதித்தேன். வண்டி இழுத்துக்கொண்டே போய், அவருக்கும் பம்பருக்கும் ஒரு முழம் இருக்கும்போது நின்றது. அவர் மேல் ஒரு கீறல் இல்லை. மாலையில் ஒரு பூ உதிரவில்லை.

இடப்பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டரின் நெற்றி கண்ணாடியில் மோதியிருந்தது. புருவத்துக்கு மேலே பிளந்து, ரத்தம் சட்டைக் காலர் வரை இறங்கியது. என்னை என் பெல்ட் பிடித்து உட்கார வைத்திருந்தது.

அந்த வெள்ளைக் காரிலிருந்து ஓடி வந்தவர் பாபு. அவருடைய சவாரிக்காரர்கள் கோயிலுக்குள் போயிருந்தார்கள். தன் தோளில் கிடந்த துண்டை மடித்து இன்ஸ்பெக்டர் நெற்றியில் வைத்து அழுத்தினார்.

“நீ ஓட்டு அண்ணாத்த. நா புடிச்சிக்கிறேன்” என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டு, முன்னால் எக்கி, மருத்துவமனை வரை கையை எடுக்கவே இல்லை. ஏழு தையல் போட்டார்கள். பாபு ரத்தக் கையைக் குழாயில் கழுவிவிட்டு, பஸ் பிடித்துத் தன் காருக்குத் திரும்பிப் போனார்.

4. ரைட்டர் சொன்ன வாக்கியம்

வண்டியில் போகும்போது அதிகாரிக்குக் காயம் பட்டால், டி.எஸ்.பி. அலுவலகத்துக்கு அறிக்கை போக வேண்டும். மதியம் நிலையத்தில் ரைட்டர் என்னை உட்கார வைத்தார். ரைட்டர் என்பவர் நிலையத்தின் எழுத்து வேலை எல்லாம் பார்க்கிற ஏட்டு. இருபது வருடம் கோப்பிலேயே இருந்தவர்.

“சொல்றேன், எழுதிக்க. திருவிடந்தை அருகே, சாலையின் மீது இடையூறாக நிறுத்தப்பட்டிருந்த வாடகைக் காரினால்...”

“அந்தக் காரு ரோட்டு மேல இல்லண்ணே. வெள்ளக் கோட்டுக்கு அந்தாண்ட மண்ணுல நின்னுது.”

“உனக்கு நல்லா ஞாபகம் கீதா?”

“கீதுண்ணே.”

“ஞாபகம் இல்லன்னு வெச்சிக்க.” பேனாவை மூடினார். “யோவ், ஒழுங்கா கேளு. காரு மேல தப்பு இல்லன்னா, பின்ன யாரு மேல? அய்யா ஏன் பெல்ட் போடலன்னு கேப்பாங்க. கிளிப்பு எப்டி வந்துதுன்னு கேப்பாங்க. எவ்ளோ ஸ்பீடுன்னு கேப்பாங்க. அய்யாவுக்கு மெமோ. உன்ன வண்டிலேர்ந்து எறக்கி, எங்கனா கேட்டாண்ட துப்பாக்கியோட நிக்க வெப்பானுங்க. இன்னும் பதினாலு வருஷம் சர்வீஸ் கீது உனக்கு. நின்னுகினே இருப்பியா?”

எனக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் வராது. அது அவருக்கும் தெரியும். அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன்.

மாலைக்குள் பாபுவின் கார் நிலைய வளாகத்துக்கு வந்துவிட்டது. விசாரிக்க வேண்டும் என்று கூப்பிட்டு, சாவியை வாங்கி வைத்திருந்தார்கள். இடையூறாக நிறுத்தி, காயம் ஏற்படக் காரணமானதாக வழக்கு. லைசென்ஸை முடக்கச் சொல்லி ஆர்.டி.ஓ.வுக்கும் எழுதப் போகிறார்கள். வேப்ப மரத்தடியில் பாபு நின்றிருந்தார். பக்கத்தில் போகத் தயங்கினேன். அவரே வந்தார்.

“வண்டி ஓனருது அண்ணாத்த. கேஸுன்னு காதுல வுழுந்தா வேற டிரைவர போட்டுடுவாரு. லைசென்ஸும் போச்சின்னா நா எங்க போறது?”

நான் ஜீப் பக்கம் நகர்ந்தேன்.

“துணிய நாந்தான புடிச்சிகினு வந்தேன்” என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

5. லாக் புக்

வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. நிலையத்தில் எந்தக் காகிதத்தையும் ரைட்டர் சொல்ல ஒருவர் எழுதலாம். லாக் புக்கை மட்டும் ஓட்டுநர்தான் எழுத வேண்டும். எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், என்ன வேலை, வழியில் ஏதாவது நடந்ததா என்று தன் கையால் எழுதி, கூட வந்த அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பெரும்பாலும் நாங்கள் ‘ரோந்து’ என்று ஒரு வார்த்தையோடு முடித்துவிடுவோம். அந்தப் பக்கத்துக்கு என்ன பலம் உண்டு என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

அன்று ஜீப்புக்குள் உட்கார்ந்து எழுதினேன். வாயில் வராதது கையில் வந்தது. அவசர அழைப்பு இல்லை, சைரன் இல்லை. ஊருக்குள் அனுமதித்த வேகத்தைத் தாண்டி ஓட்டினேன். வாடகைக் கார் சாலைக் கோட்டுக்கு வெளியே நின்றது. அதிகாரி பெல்ட் அணியவில்லை. ஒலி வராமல் இருக்கப் பூட்டில் இருந்த கிளிப் நான் வாங்கி மாட்டியது. அதிகாரியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக அந்தக் கார் ஓட்டுநர் உதவினார். மொத்தம் ஒன்பது வரி.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். வீங்கின கண்ணால் இரண்டு முறை படித்தார்.

“இத ரைட்டர் பாத்தாரா?”

“இல்லீங்கய்யா.”

“கிளிப்ப நீதான் வாங்குனன்னு எழுதிருக்க.”

“ஆமாங்கய்யா.”

“ஸ்பீட வேற எழுதிருக்க. அத யாரும் கேக்கலியேயா.”

“நடந்ததுங்கய்யா.”

“வண்டிலேர்ந்து எறக்கிடுவாங்க உன்ன.”

“ரைட்டர் சொன்னாருங்கய்யா.”

“சொல்லியுமா?” லாக் புக்கை மடியில் போட்டார். “பின்ன எதுக்குய்யா இதெல்லாம்?”

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். சட்டம் எல்லாருக்கும் ஒன்று, நாம்தான் முதலில் என்று நாலு வாக்கியம். ஒன்றும் வரவில்லை.

“துணிய அவன்தாங்கய்யா புடிச்சிகினு வந்தான்” என்றேன்.

காரைப் பிடித்து வைத்தது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதும் இல்லை. அவர் மறுபடியும் லாக் புக்கை எடுத்தார்.

“ஒன்ன வுட்டுட்ட.”

“இன்னாங்கய்யா?”

“அழுத்துன்னு நான்தான சொன்னேன். அத ஏன் எழுதல?”

“அத எழுதத் தோணலீங்கய்யா.”

“பேனா குடு.”

என் ஒன்பது வரிக்குக் கீழே எழுதினார்: ‘வேகமாகச் செல்லுமாறு நான் கூறினேன். பெல்ட் அணியாதது என் தவறு. வாடகைக் கார் ஓட்டுநர் மீது தவறு இல்லை.’ கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

“ரைட்டர்கிட்ட நீயே குடு. நான் வந்தா என்கிட்ட கத்துவாரு.”

6. எதில் வேறு, எதில் ஒன்று

ரைட்டர் கத்தத்தான் செய்தார். ஆனால் அன்று மதியமே வழக்கு கைவிடப்பட்டு, பாபுவின் சாவி பாபு கைக்குப் போனது. இன்ஸ்பெக்டருக்குப் பெல்ட்டுக்கும் எனக்கு வேகத்துக்கும், எங்கள் நிலைய மிஷினிலேயே சலான் போடப்பட்டது. இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. ரைட்டர் சொன்னது போலவே என்னை வண்டியிலிருந்து இறக்கினார்கள். நாலு மாதம் ஒரு வாசலில் துப்பாக்கியோடு நின்றேன். கால் வலித்தது. தூக்கம் நன்றாக வந்தது.

அங்கே ஒரு நாள் பாபு வழியில் காரை நிறுத்தினார்.

“அய்யாவுக்கும் சலான் போட்டாங்களாமே?”

“ஆமா.”

“உனக்கும்?”

“எனக்கும்.”

“அப்ப புதுப்பட்டினத்துல எனக்குப் போட்டீங்களே, அத கேன்சல் பண்ணச் சொல்லேன்.”

“அது முடியாது.”

“தெரியும். சும்மா கேட்டுப் பாத்தேன்” என்று சிரித்துக்கொண்டு போனார்.

நின்றுகொண்டே யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. போலீஸ்காரருக்கு மட்டும் வேறு சட்டமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இது. அவசர அழைப்பில் நாங்கள் சிக்னலைத் தாண்ட வேண்டி வரும். அதற்கு அனுமதி உண்டு, அதையும் சைரன் போட்டு, வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் செய்ய வேண்டும். அந்த அனுமதி அந்த அழைப்புக்கு உரியது. என் சட்டைக்கு உரியது இல்லை. கூட்டத்துக்குத் தாமதம் ஆவது அவசரம் இல்லை. டீ குடிக்கப் போவதும் இல்லை. எந்த அழைப்புக்காகவும் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி எனக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. நாங்கள்தான் கடையில் போய் ஒரு கிளிப் வாங்கி, எங்களுக்கு நாங்களே விலக்குக் கொடுத்துக்கொண்டோம்.

ஒரு வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. நாங்கள் அடுத்தவரை நிறுத்துகிறவர்கள். அதனால் எங்கள் மேல் பிடி ஒரு சுற்று கூடுதலாக இருந்தாலும் நான் தப்பு சொல்ல மாட்டேன். குறைவாக இருக்கக் கூடாது.

7. அரை செகண்ட்

நாலு மாதம் முடிந்ததும் அதே நிலையத்துக்கு, அதே ஜீப்புக்கு என்னைக் கேட்டு வாங்கினார் இன்ஸ்பெக்டர். முதல் நாள் பெல்ட்டைப் போட்டார். மாமல்லபுரம் கடைத்தெருவில் ஒரு அடிதடி. வண்டி நின்றது. அவர் பூட்டைத் தேட, உறை இடிக்க, நெளிந்து, முறைத்து, இறங்குவதற்குள் அடித்தவன் போய்விட்டான்.

“பாத்தியா? இதுக்குத்தான்யா” என்றார். கோபமாகத்தான் சொன்னார், அவர் சொன்னதும் சரிதான்.

அன்று சாயந்திரம் காலி ஜீப்பில் உட்கார்ந்து யோசித்தேன். அவருடைய பூட்டு அவருக்குத்தான் எட்டவில்லை. அது இரண்டு சீட்டுக்கும் நடுவில், என் இடது கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் எப்போதும் நிறுத்தியதும் அந்தக் கையால் முதலில் கியரைத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுப்பேன். அதற்கு முன்னால், காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு, சிவப்புப் பட்டனை அமுக்கினால் என்ன? அவர் இடது கையை மட்டும் தூக்கினால் போதும். பெல்ட் தானாகச் சுருண்டு போய்விடும்.

மறுநாள் வளாகத்தில் வேப்ப மரத்திலிருந்து வாசல் வரை ஓட்டி ஓட்டி நிறுத்திப் பழகினோம். ரைட்டர் போனில் நேரம் பார்த்தார். முதலில் இன்ஸ்பெக்டர் கையைத் தூக்க மறந்து பெல்ட்டில் மாட்டிக்கொண்டார். காவலர்கள் வேலை இல்லாதது போல வராந்தாவில் நின்று பார்த்தார்கள். ஏழெட்டு தடவைக்குப் பிறகு கைகூடியது.

“பெல்ட் இல்லாம ரெண்டு செகண்டுய்யா” என்றார் ரைட்டர். “பெல்ட்டோட ரெண்டர.” போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “இந்த அர செகண்டுக்கா ஏழு தையல் போட்டுகினு வந்தீங்க?”

இன்ஸ்பெக்டர் அவரை முறைத்தார். பிறகு எல்லோரும் சிரித்ததில் அவரும் சேர்ந்துகொண்டார். அடுத்த வாரமே கோவளம் பக்கம் ஒரு செயின் பறிப்புக்காரனை அவர்தான் ஓடிப் பிடித்தார், பெல்ட் போட்டுக்கொண்டு போய்.

இப்போது அவர் மாற்றலாகிப் போய்விட்டார். எனக்கு இது நாலாவது அதிகாரி. புதிதாக வண்டிக்கு வரும் ஓட்டுநர்களுக்கு நான் சொல்லக் கூடியது ஒன்றுதான். மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்று பயப்பட வேண்டாம். எனக்கும் இன்னும் சொல்ல வராது. கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவர் ஏறி உட்கார்ந்ததும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். அவர் பெல்ட் போடும்வரை வண்டி பீப் பீப் என்று கத்தட்டும். காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு, நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருங்கள். வண்டி நகரவில்லையே என்று அவரே கேட்பார். அப்போதும் ரோட்டையே பாருங்கள். என்னிடம் இதுவரை எந்த அதிகாரியும் இரண்டாவது முறை கேட்டதில்லை.